அடைத்த புகைபோக்கி

அந்த வீட்டின் முன்சுவர் இரண்டு அடி ஒரு அங்குலம் தடிப்பு. பின்சுவர் இரண்டு அடி நான்கு அங்குலம். ஒரே வீட்டில் எதற்கு இந்த மூன்று அங்குல வித்தியாசம் என்று பல சனிக்கிழமைகள் யோசித்திருக்கிறேன். பதில் கிடைக்கவில்லை. கட்டியவர்களுக்கு அன்றைக்குக் கிடைத்த கற்கள் அப்படி இருந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் நான் அப்படி விட்டுவிடுகிற ஆள் இல்லை. நாட்குறிப்பில் இரண்டு அளவையும் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன். அது இன்றும் அப்படியே இருக்கிறது.

வீடு என் அண்ணையுடையது. ஜெர்மனியில் இருபது வருடத்துக்குக் கிட்ட இருந்துவிட்டு, இரண்டாயிரத்துக்குப் பிறகு லண்டனுக்கு வந்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. மற்றவர்கள் எல்லாரும் ஈஸ்ட்ஹாமிலும் இல்ஃபோர்டிலும் ஹரோவிலும் வீடு தேட, அண்ணை மட்டும் நகரத்தின் தென்கிழக்கு ஓரத்தில் ஒரு பழைய கல்வீட்டைப் பிடித்தார். முன்பு பண்ணைவீடாக இருந்தது. பண்ணை போய்விட்டது. வயல் இருந்த இடமெல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற சோடி வீடுகள். கூப்பிடு தூரத்தில் பெருஞ்சாலை. இந்த வீடு மட்டும் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. வீடு கட்டியபோது அந்தத் தெரு இல்லை.

நான் நகரத்தின் நடுவில், ஒரு சிறிய கட்டடக் கலைஞர் அலுவலகத்தில் படம் வரைகிற வேலை பார்த்தேன். கட்டடக் கலைஞன் இல்லை. அவர்கள் நினைப்பதை அளவோடு கோடாக்குகிறவன். இதை எத்தனை தடவை சொன்னாலும் அண்ணை கேட்கமாட்டார். கோயிலிலும் கலியாண வீட்டிலும் "என்ர தம்பி, ஆர்க்கிடெக்ட்" என்றுதான் அறிமுகம்.

அவர்கள் குடிபோய் இரண்டாவது குளிர்காலம் தொடங்கியபோது வீடு நனைந்துவிட்டது. வேறு எப்படிச் சொல்வது? கூரை ஒழுகவில்லை. குழாய் உடையவில்லை. சுவர்கள் உள்ளுக்குள்ளிருந்து நனைந்தன. அலுமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சணம். கட்டிலுக்குக் கீழே இருந்த சப்பாத்துகளில் பச்சை பூத்தது. அண்ணிக்கு ஏற்கனவே நெஞ்சில் இழுப்பு உண்டு. அது ஓயாமல் வரத் தொடங்கியது. நவம்பர் கடைசியில் ஒருநாள் அண்ணி ஒரு சூட்கேசோடு ஸ்ட்ரெதத்தில் இருக்கும் மகளின் ஃபிளாட்டுக்குப் போய்விட்டார். சண்டை எதுவும் இல்லை. "சுவர் காய்ஞ்சா வாறன். காயாட்டி வரேல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். அண்ணை இதைத் தொலைபேசியில் என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை போனேன். இல்ஃபோர்டில் ஏறி லிவர்பூல் ஸ்ட்ரீட், பிறகு லண்டன் பிரிட்ஜ், பிறகு ஒவ்வொரு ஸ்டேசனிலும் நின்று மூச்சு வாங்குகிற ஒரு ரயில், பிறகு பஸ். என் வாசலிலிருந்து அவர் வாசலுக்கு ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிடம். கிழமையில் ஐந்து நாள் கணினிக்கு முன்னால் குனிந்திருந்த கழுத்து, ஆறாவது நாளும் பையின் பாரத்தில் குனிந்தது. பைக்குள் அளவுநாடா, மட்டப்பலகை, அலுவலகத்தில் இரவல் வாங்கிய ஈரமானி. அது இரண்டு ஊசி வைத்த ஒரு சின்னக் கருவி. சுவரில் குத்தினால் எவ்வளவு ஈரம் என்று எண்ணில் காட்டும்.

அண்ணை கதவைத் திறந்ததும் பையைத்தான் பார்த்தார்.

"உனக்கு அளக்கிறதுக்கு ஒரு சாட்டு வேணும். வா, வந்து ஆசை தீர அள."

"எங்க எங்க ஈரம் எண்டு முதல்ல பாப்பம் அண்ணை."

"எங்க இல்லை எண்டு பார். அது கெதியா முடியும்."

இந்த வகைக் கல்வீட்டின் சுவர் ஒன்றல்ல, இரண்டு. வெளியே ஒரு கல்வரிசை, உள்ளே ஒரு கல்வரிசை. நடுவில் உடைந்த கல்லும் சுண்ணாம்பும் மண்ணும் கொட்டி நிரப்பியிருப்பார்கள். இடைக்கிடை ஒரு நீளக்கல் குறுக்கே படுத்து இரண்டையும் பிடித்துக்கொள்ளும். அத்திவாரம் என்று சொல்லத்தக்கது கிடையாது. பெரிய கற்களை நிலத்தில் பதித்துவிட்டு அப்படியே மேலே ஏறிவிடுவார்கள். மழை அந்தச் சுவருக்குள் போகும். போனால் போகட்டும் என்றுதான் கட்டியிருக்கிறார்கள். காற்றும் வெயிலும், உள்ளே நாள் முழுக்க எரிகிற நெருப்பும் அந்த ஈரத்தைத் திரும்ப வெளியே இழுத்துவிடும். சுண்ணாம்புச் சாந்து அதற்கு வழி விடும்.

அண்ணைக்கு ஜெர்மனியில் குளியலறைகளுக்கு ஓடு பதிக்கிற வேலை. அந்தத் தொழிலில் தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்குப் போகவே கூடாது. அவர் செய்த குளியலறைகளில் ஒரு துளி கசிந்ததில்லை என்று அவரும் சொல்வார், அவருடைய பழைய முதலாளியும் சொல்லியிருக்கிறார். அதே கையோடு இங்கே வந்து, முதல் கோடையில் கீழ்வீட்டு உட்சுவர்கள் எல்லாவற்றுக்கும் சீமெந்து பூசி, அதன்மேல் ரப்பர்போல் ஒட்டுகிற ஒரு பெயின்ற் அடித்திருந்தார். இந்த வயதுள்ள வீட்டில் உள்ளே எதை மாற்றுவதென்றாலும் கவுன்சிலின் அனுமதி வேண்டும் என்று நான் அப்போதே சொன்னேன். "உள்ளுக்க நான் என்ன நிறத்தில உடுப்புப் போடுறன் எண்டும் கேப்பாங்களோ?" என்றார். வேலை கண்ணாடிபோல இருந்தது. மட்டப்பலகை வைத்துப் பார்த்தேன். வீடு முழுவதிலும் நேராக இருந்தது அவர் பூசிய பூச்சு மட்டும்தான்.

சீமெந்துதான் காரணம் என்று பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்தது. தெரிந்ததாக நினைத்தேன். சொல்லவில்லை. அண்ணையின் கைவேலை பிழை என்று எங்கள் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "முழுசா அளந்து கீறிப் பாப்பம்" என்றேன். படத்தைப் பார்த்தால் அவரே கண்டுபிடிப்பார். நான் சொன்னதாக இராது. மரியாதை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அண்ணையின் பிழை ஒன்றை ஒன்றுக்கு ஐம்பது அளவில் சுத்தமாக வரைந்து வைக்கிற சந்தோஷமும் அதில் இருந்தது.

அப்படி ஐந்து சனிக்கிழமைகள் போயின. என் மனைவி நான்காவது சனி காலையில் தேநீரை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "இஞ்சருங்கோ, அஞ்சு நாள் கந்தோருக்கு, ஆறாம் நாள் உங்கட அண்ணைக்கு. ஏழாம் நாள் படுத்துக் கிடக்க. எனக்கு எந்த நாள் எண்டு அந்த டயரியில ஒருக்கா எழுதி வையுங்கோ."

"அண்ணி திரும்பி வரவேணும்."

"வரவேணும்தான். அதுக்கு ஏன் உங்கட முகம் இப்பிடி வத்திப்போகுது?"

அந்த வீட்டை அளப்பது களைப்பான வேலை. ஒரு மூலைகூடச் செங்கோணம் இல்லை. நான்கு பக்கத்தையும் அளந்தால் போதாது, குறுக்கே மூலைக்கு மூலையும் அளக்கவேண்டும். இல்லாவிட்டால் படம் காகிதத்தில் மூடாது. கடைசிக் கோடு முதல் கோட்டைத் தொடாமல் நிற்கும். முன்வாசலையும் பின்வாசலையும் நேராக இணைக்கிற ஒடுங்கிய நடைவழி ஒன்று வீட்டைக் குறுக்கே வெட்டுகிறது. அதற்கு ஒரு பக்கம் பால் வேலை நடந்த குளிர்ந்த அறை, மற்றப் பக்கம் நெருப்பு எரிந்த பெரிய அறை. யன்னல்கள் வெளியே ஒரு முழத்துக்குச் சிறுத்து, உள்ளே வர வர விரிந்திருக்கும். சின்னத் துவாரத்தால் வருகிற வெளிச்சம் சாய்ந்த பக்கங்களில் பட்டு அறைக்குள் பரவத்தான் அப்படி. மாடிப்படி புகைபோக்கியின் பக்கத்தில் சுருண்டு ஏறுகிறது. பதினொரு படி. இரண்டு படிகூட ஒரே உயரம் இல்லை. என் முழங்கால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அறியும்.

பெரிய அறையில்தான் கணப்பு இருந்தது. சுவருக்குள் ஓர் அறைபோல, அகலம் ஏழு அடி ஒன்பது அங்குலம், ஆழம் மூன்றரை அடி. மேலே ஒரே ஓக் மரத்து விட்டம். அதன் கீழ்விளிம்பில் பழைய நெருப்பின் கரி. உள்ளே இரண்டு பேர் நாற்காலி போட்டு இருக்கலாம். அண்ணியின் சாமிகள் அங்கேதான் இருந்தார்கள். பிள்ளையார், முருகன், அம்மன் படங்கள், நடுவில் சின்னக் குத்துவிளக்கு. கிழக்கே பார்த்த இடம். வீட்டைப் பார்க்க வந்த உறவினர் எல்லாரும், இதற்கென்றே வெள்ளைக்காரன் கட்டி வைத்ததுபோல இருக்கிறது என்பார்கள். கணப்பின் வலது பக்கச் சுவரில் ஒரு சாண் சதுரத்தில் ஒரு மாடம். அது உப்பு வைக்கிற மாடம். வீட்டில் மிகவும் காய்ந்த இடம் நெருப்புக்குப் பக்கம் என்பதால் உப்பு கசியாமல் இருக்க அதில் வைப்பார்கள். அண்ணி அதில் திருநீறும் கற்பூரமும் நெருப்புப்பெட்டியும் வைத்திருந்தார்.

மூன்றாவது சனிக்கிழமை அந்த மாடத்தில் கையை விட்டேன். திருநீறு களிமண்போல் விரலில் அப்பியது. நெருப்புக்குச்சியை உரசினால் தலை நசுங்கியது. அண்ணை பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூண்டு கிழமையா லைட்டரால்தான் விளக்குக் கொழுத்துறன். உன்ர அண்ணி இருந்திருந்தால் இதுக்கே என்னை வீட்டை விட்டுக் கலைச்சிருப்பா."

"விளக்கு நீங்களே கொழுத்துறியள்?"

"பின்னே? அவ போன் எடுத்து முதல்ல கேக்கிறது அதைத்தான். ரெண்டாவதா சுவரை. மூண்டாவதாத்தான் என்னை."

காய்ந்த இடமென்று கட்டிய மாடமே ஏன் இவ்வளவு ஈரமாக இருக்கிறது என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்கவேண்டும். நான் ஈரமானி காட்டிய எண்ணை எழுதிக்கொண்டு அடுத்த சுவருக்குப் போனேன்.

ஐந்தாவது கிழமை, ஞாயிற்றுக்கிழமை காலையில், இல்ஃபோர்டில் எங்கள் சாப்பாட்டு மேசையில் படத்தை விரித்தேன். எல்லா எண்களையும் அந்தந்த இடத்தில் குறித்தேன். ஒரே அளவு ஈரமுள்ள புள்ளிகளைப் பென்சிலால் சேர்த்துக்கொண்டு வந்தேன். சீமெந்து பூசிய சுவர்கள் ஈரமாகத்தான் இருந்தன. ஆனால் கோடுகள் அவற்றைச் சுற்றவில்லை. குளத்தில் கல் போட்டால் வருகிற வளையங்கள்போல, ஒன்றுக்குள் ஒன்றாகப் புகைபோக்கியைச் சுற்றி நின்றன. சுருள்படியின் பக்கத்தில், அண்ணையின் பூச்சுக் கரண்டி படாத மேல்மாடிச் சுவரில், எண் எல்லாவற்றிலும் பெரிதாக இருந்தது. சீமெந்து ஈரத்தை வெளியேற விடவில்லை என்பது உண்மை. ஈரம் வந்தது அங்கிருந்து இல்லை.

புகைபோக்கி எப்போது அடைக்கப்பட்டது என்று தெரியவேண்டியிருந்தது. நான் அன்றாடம் நாலு வரி எழுதுகிறவன்: வானிலை, ரயில், வேலை, வேறேதாவது. அவர்கள் பால் காய்ச்சிய மாதத்தின் குறிப்பேட்டை எடுத்தேன். பக்கத்தைத் திருப்பியபோது எனக்கு எந்தப் பதற்றமும் இல்லை. தகவல் தேடுகிற ஒருவனின் நிம்மதிதான்.

என் கையெழுத்தில் இப்படி இருந்தது: "மழை. ரயில் பதினெட்டு நிமிடம் தாமதம். அண்ணை வீட்டில் பால் காய்ச்சினோம். கணப்பில் சாமி வைக்கலாம் என்று சொன்னேன். புகைபோக்கி அடைக்க ஒரு படம் கீறிக் கொடுத்தேன். காற்றுத் துவாரம் வேண்டாம்."

மறந்துவிட்டேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எதையும் மறக்காமல் இருக்கத்தானே எழுதுகிறேன்? ஆனால் மறந்துதான் போயிருந்தது. வாசித்ததும் முழுவதும் வந்தது. அன்று அண்ணி கணப்புக்குள் விளக்கை வைத்துக் கொளுத்தினார். புகைபோக்கியால் இறங்கிய காற்றில் அது அணைந்தது. மறுபடி கொளுத்தினார், மறுபடி அணைந்தது. மூன்றாம் தடவை அணைந்தபோது அறையில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அண்ணியின் முகம் கறுத்தது. புது வீடு, முதல் விளக்கு. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் ஒரு வாழ்த்து மட்டையின் உறையைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் வரைந்தேன். கணப்பின் தொண்டையில் ஒரு பலகை, சுற்றிவர சிலிக்கன் பசை, கூரைக்கு மேலே புகைபோக்கியின் வாயில் ஒரு கல்மூடி, சுற்றிவர சீமெந்து.

அடைத்த புகைபோக்கிகளை அலுவலகத்தில் நான் எத்தனையோ வரைந்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் கீழே ஒரு துவாரம், மேலே காற்று போகிற மூடி. அது இல்லாமல் வரைந்தால் படம் திரும்பி வரும். நெருப்பும் இல்லை காற்றும் இல்லை என்றால் அந்தக் கல்குழாய் மழையைக் குடித்துக்கொண்டே இருக்கும், குடித்ததை வீட்டுக்குள் விடும். இது எனக்கு நித்திரையிலும் தெரியும். தெரிந்துகொண்டே, விளக்கு அணையக்கூடாது என்பதற்காக, துவாரம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அண்ணை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பி ஆர்க்கிடெக்ட்.

அந்தக் கிழமை முழுவதும் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடமும் இல்லை. நாட்குறிப்பில் நாலு வரிக்குப் பதில் இரண்டு வரிதான் எழுதினேன். வியாழக்கிழமை அண்ணை தொலைபேசியில் அழைத்தார்.

"செவ்வாய்க்கிழமை ஈரம் எடுக்கிற கொம்பனி ஆக்கள் வருகினம். சுவர் முழுக்கத் துளை போட்டு மருந்து ஏத்துவினமாம். மிச்சப் பூச்செல்லாத்தையும் கொத்திப் போட்டுப் புதுசா சீமெந்து. மேல் மாடியும் சேர்த்து. கணப்புப் பக்கத்து ஓக் பலகையளையும் கழட்டோணுமாம்."

"அது செய்தால் திருப்ப ஏலாது அண்ணை."

"வேற என்ன செய்ய? நீயும் அஞ்சு கிழமையா அளக்கிறாய்." பிறகு அவர் குரலில் நான் கேட்டிராத ஒரு தணிவு. "நான்தான் எங்கயோ பிழை விட்டிட்டன் போல. இருபது வருஷம் தண்ணியோட வேலை செய்த நான். உன்ர அண்ணி மூச்சு எடுக்கேலாமல் வீட்டை விட்டுப் போற மாதிரிச் செய்து வைச்சிருக்கிறன்."

அந்த நிமிடத்திலேயே சொல்லியிருக்கவேண்டும். "சனிக்கிழமை வாறன்" என்றேன்.

சனிக்கிழமை அளவுநாடாவைக் கொண்டு போகவில்லை. படத்தையும் அந்தப் பழைய நாட்குறிப்பையும் மட்டும் எடுத்துப்போனேன். கணப்புக்கு முன்னால் மேசையில் படத்தை விரித்து, வளையங்களைக் காட்டினேன். அண்ணை தொழிலாளி, படம் வாசிக்கத் தெரிந்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார்.

"புகைபோக்கி," என்றார்.

"ஓம்."

"அடைச்சதாலயோ?"

"ஓம். மேல் மூடியில இப்ப வெடிப்பு இருக்கவேணும். தண்ணி போகுது, காத்து வரேல்லை. இந்தச் சீமெந்தும் நல்லதில்லை, உள்ளுக்க வந்த தண்ணியை இது பிடிச்சு வைச்சிருக்கு. ஆனால் தண்ணி வந்தது இதால." நாட்குறிப்பை அவர் முன்னால் திறந்து வைத்தேன். "இதையும் வாசியுங்கோ."

அவர் வாசித்தார். நாலு வரி வாசிக்க இவ்வளவு நேரம் எடுக்காது.

"நீதான் கீறித் தந்தனி."

"ஓம்."

"துவாரம் வேணும் எண்டு உனக்கு அண்டைக்கே தெரியும்."

"தெரியும். விளக்கு அணையக்கூடாது எண்டு விட்டிட்டன்."

"இது எப்ப கண்டுபிடிச்சனி?"

"போன ஞாயிறு."

"வியாழக்கிழமை நான் போனில கதைக்கேக்க உனக்குத் தெரியும்."

"ஓம் அண்ணை."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான் பிழை விட்டிட்டன் எண்டு நான் சொல்ல, நீ கேட்டுக்கொண்டு இருந்தனி. என்ன? டயரியில எழுதினியோ அதையும்?"

எழுதியிருந்தேன்.

எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். தண்ணீர்க் கேத்தில் கொதித்து அடங்கியது, தேநீர் வரவில்லை. பிறகு யாரோடோ தொலைபேசியில் கதைக்கிற சத்தம். செவ்வாய்க்கிழமை ஆட்களை வரவேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அடுத்த அழைப்பு ஸ்ட்ரெதத்துக்கு. போனைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். "நீயே சொல்லு."

அண்ணியிடம் முதலில் இருந்து சொன்னேன். இடையில் இரண்டு தடவை இருமினார். நான் முடித்ததும் கேட்டார்: "அப்ப அந்த விளக்கு அணையக்கூடாது எண்டுதான் இவ்வளவும்?"

"ஓம் அண்ணி."

"அணைஞ்சா அணையட்டும் எண்டு அண்டைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி. நான் அடுப்படியில கொண்டுபோய் வைச்சிருப்பன்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"இப்ப என்ன செய்யப்போறியள் ரெண்டு பேரும்?"

"கணப்பைத் திறக்கவேணும். சாமிப் படங்களை மேல் அறைக்கு மாத்தவேணும்."

"குளிச்சிட்டுத் தொடுங்கோ," என்றார். "அவரையும் குளிக்கச் சொல்லுங்கோ. சும்மா கை கழுவிப்போட்டு வந்து குளிச்சனான் எண்டுவார்."

அப்படியாக, முகம் பாராமல் இருந்த இரண்டு நடுவயது மனிதர்கள், ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை மத்தியானத்தில், அந்தக் குளிர்ந்த வீட்டில் ஒருவர் பின் ஒருவராகக் குளித்தோம். எனக்கு மாற்றுடுப்பு இல்லை. அண்ணையின் வேட்டியையும் ஸ்வெற்றரையும் தந்தார். ஈரத்தலையோடு பிள்ளையாரை நான் தூக்க, அம்மனை அவர் தூக்க, உயரம் ஒவ்வாத பதினொரு படியும் ஏறினோம். நடுப்படியில் அவர் மட்டும் திரும்பி, "வேட்டியை மடிச்சுக் கட்டு, விழுந்து சாமியையும் உடைக்காதை" என்றார்.

பிறகு அவர் சிலிக்கனை வெட்டி, திருகாணிகளைக் கழற்றிப் பலகையை இறக்கினார். அதோடு ஒரு வாளி அளவு கரிச்சேறும், ஊறிப்போன சுள்ளிகளும் விழுந்தன. சேற்று நாற்றம். மேலேயிருந்து ஒரு குளிர்காற்று இறங்கி எங்கள் இருவரின் முகத்திலும் பட்டது. பலகையின் பின்பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் உறை அறையப்பட்டிருந்தது. உள்ளே என் படம். ஜெர்மனியில் எந்த வேலை முடித்தாலும், பிறகு திறக்கிறவனுக்கு விளங்கட்டும் என்று, படத்தைச் சுவருக்குள்ளேயே வைத்து மூடுவது அவர் பழக்கம். உறைக்குள் ஒரு துளி ஈரம் போகவில்லை. கோடுகள் நேராக, எழுத்துகள் ஒரே உயரத்தில், கீழே என் கையெழுத்து.

அண்ணை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கீறல் எண்டால் வடிவாத்தான் கீறியிருக்கிறாய்," என்றார். கசப்பாகத்தான் சொன்னார். பிறகும் எத்தனையோ மாதம், யாராவது என்னை ஆர்க்கிடெக்ட் என்று சொன்னால் என் பக்கம் பார்க்காமல் வேறு எங்காவது பார்ப்பார். அவராக அந்தச் சொல்லை மறுபடி சொல்லவில்லை.

மேலேயிருந்த கல்மூடி உண்மையிலேயே வெடித்திருந்தது. பழைய வேலைகள் தெரிந்த ஒருவரைப் பிடித்து அதை எடுப்பித்தோம். கவுன்சிலுக்கு நடந்ததை நடந்தபடி எழுதி, படமும் இணைத்து அனுப்பினேன். அது ஒரு தனிக் களைப்பு. அண்ணை தான் பூசிய சீமெந்தைத் தானே உளி வைத்துக் கொத்தினார். கல்லுக்கு அடிபடாமல், ஒரு நாளைக்கு ஒரு கதவளவு. கண்ணாடிபோல் இருந்த பூச்சு துண்டு துண்டாக விழுவதை நான் சனிக்கிழமைகளில் அள்ளிச் சாக்கில் கட்டினேன். கணப்பில் தினமும் நெருப்பு எரிந்தது. நாங்கள் இருவரும் கதைத்தது குறைவு. "அங்கால பிடி." "மெல்ல." "தேத்தண்ணி இருக்கு." இவ்வளவும்தான்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அண்ணி வந்தார். மகள் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். தோளில் கைப்பை மட்டும்தான். சூட்கேஸ் இல்லை. அதை நானும் பார்த்தேன், அண்ணையும் பார்த்தார். கோட்டைக் கழற்றாமல் அறை அறையாக நடந்து, கல் தெரிகிற சுவர்களில் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தார்.

"இன்னும் ஈரம்தானே."

"இரண்டடிச் சுவர் அண்ணி," என்றேன். "முழுசாக் காயிறதுக்கு ரெண்டு வருஷமாவது எடுக்கும். போன மாசத்தை விட இப்ப குறைவு. எண் இருக்கு, காட்டவோ?"

"எண்ணை நீங்களே வைச்சிருங்கோ."

கணப்புக்கு முன்னால் வந்து நின்றார். விறகு எரிந்துகொண்டிருந்தது. அந்த உப்பு மாடத்துக்குள் கையை விட்டார். திருநீறு விரலிலிருந்து பொடியாக உதிர்ந்தது. மறுபடி எடுத்து உதிர்த்துப் பார்த்தார். நெற்றியில் பூசிக்கொண்டார். நெருப்புப்பெட்டியை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். நாங்கள் பின்னால் போனோம். பதினொரு படிக்கும் அண்ணி இரண்டு தடவைதான் நின்றார்.

மேல் அறையில் விளக்குக்கு எண்ணெய் விட்டுத் திரியைத் தூண்டினார். ஒரே உரசலில் குச்சி பற்றியது. விளக்கு எரிந்தது. அந்த அறையின் பழைய யன்னல் சட்டத்துக்குள் விரல் நுழைகிற ஓர் இடைவெளி உண்டு. அதை நான்தான் படத்தில் குறித்திருக்கிறேன். அதால் வந்த காற்றில் சுடர் சாய்ந்து, அணைந்தது.

அண்ணை என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். என் சட்டைப் பையில் பென்சில் இருந்தது.

அண்ணி இன்னொரு குச்சி உரசினார். அதுவும் அணைந்தது. விளக்கைத் தூக்கி யன்னலிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து, மூன்றாவது குச்சி உரசினார். நின்று எரிந்தது. கண்ணை மூடிக் கும்பிட்டார். மூச்சு கொஞ்சம் இழுத்தது, அடங்கியது. பிறகு கோட்டின் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, அதை அண்ணையின் கையில் கொடுத்தார்.

"பிள்ளை வீட்டில என்ர சூட்கேஸ் இருக்கு," என்றார். "கட்டிலுக்குக் கீழ. மருந்துப் பையும் பக்கத்தில. மறக்காமல் ரெண்டையும் எடுத்துக்கொண்டு வாங்கோ."

அண்ணை கோட்டைக் கையில் பிடித்தபடியே படி இறங்கினார். தலையில் சுண்ணாம்புத் தூள், காலில் வேலைச் சப்பாத்து. வாசலில் கார்ச் சாவியைத் தேடினார். அது அவருடைய மற்றக் கையில் இருந்தது. வழியில் என்னை ஸ்டேசனில் இறக்கிவிடச் சொன்னேன். ஸ்டேசன் வந்ததும், நிறுத்தாமல் கொஞ்சம் கடந்துபோய், பிறகு நிறுத்தினார்.

"அடுத்த சனிக்கிழமை வருவாய்தானே?"

"வாறன்."

"அந்த யன்னல் இடைவெளி," என்றார். "அதுக்கு ஒண்டும் கீறிப்போடாதை."